கட்டன் சாயாவோடு ரெண்டு மாத்திரை

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 49 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறேன். மூன்று வருடமாகச் சுகர் இருக்கிறது, கம்பத்து டாக்டர் தந்த மாத்திரை ஒன்று போடுகிறேன். ரெண்டு மாதம் முன்னால் முழங்கால் வலி என்று குமுளியில் காட்டினேன். அங்கே ரத்தம் பார்த்து, சுகர் 260 என்று இன்னொரு மாத்திரை தந்தார்கள். விடிகாலை நாலரை மணிக்குக் கட்டன் சாயாவோடு ரெண்டையும் போட்டுவிட்டு ஜீப் ஏறுவேன். எட்டரை, ஒன்பது மணிக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சுகர் ஏறிவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். பத்து மணிக் கஞ்சியைப் பாதியாகக் குறைத்தும் சரியாகவில்லை. மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? அட்டைகளில் இருக்கும் பெயரை மகள் பார்த்து எழுதியிருக்கிறாள்.
வாசகி, கம்பம்

பதில்: கூட்டவே கூடாது அம்மா. உங்களுக்குச் சுகர் ஏறவில்லை, இறங்குகிறது. வண்டன்மேட்டுக் குளிரில் மற்றவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுகிறதே, அது தாழ்சர்க்கரையின் அடையாளம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 70-க்குக் கீழே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். அவள் எழுதியனுப்பியதைப் பார்த்தால், கம்பத்து மாத்திரை கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், குமுளி மாத்திரை கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும், மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்து 500-ம் சேர்ந்தது. கம்பெனியும் நிறமும் வேறுவேறு, ரெண்டுக்குள்ளும் இருப்பது அதே கிளிமிபிரைடுதான். ஆக, நீங்கள் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறீர்கள், குமுளியில் பழைய சீட்டைக் காட்டாததால் அந்த டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. கேரள எல்லையில் இருக்கிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பக்கம் ஒரு டாக்டர், அந்தப் பக்கம் ஒரு டாக்டர், ரெண்டு சீட்டும் ஒரே மேஜையில் ஒருநாளும் சந்திப்பதில்லை.

அடுத்தது நேரம். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்க்காது, போட்டதும் தன் வேலையைத் தொடங்கிவிடும். நாலரைக்குப் போட்டுவிட்டு, மலை ஏறி, குனிந்து குனிந்து காய் எடுத்து, பத்து மணி வரை வெறும் வயிற்றோடு இருந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? அதைக் காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போட வேண்டும், கட்டன் சாயா சாப்பாடு ஆகாது. மாத்திரையைத் தூக்குவாளியோடு சேர்த்துக் கொண்டுபோய் கஞ்சியைத் திறக்கும்போது போடுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கஞ்சியைக் குறைக்கிற வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இந்த வாரமே ரெண்டு அட்டையையும் ஒரே டாக்டர் முன்னால் வையுங்கள். அதுவரை கம்பத்து மாத்திரை மட்டும், அதுவும் சாப்பாட்டோடு. கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரெண்டும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த மருந்து உடம்பில் நேரம் கூடித் தங்கும்.

சுருக்குப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் வேலையை நிறுத்தி உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை, தெளிந்ததும் கஞ்சி. சாக்லேட்டை நம்ப வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். இந்த மாத்திரையால் வரும் இறக்கம் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம், அதனால் அன்றைக்குத் தனியாகச் சரிவில் இறங்கவோ தனியாக வீடு திரும்பவோ வேண்டாம். கூட வேலை செய்பவர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: மெட்ஃபார்மின் தொடங்கி இருபது நாள். வயிறு கலங்குகிறது. போதாக்குறைக்கு, மலத்தில் மாத்திரை அப்படியே வெளியே வருகிறது. காசு வீணா?
61 வயது வாசகர், செங்கோட்டை

பதில்: வீண் இல்லை. மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையில் மருந்து உள்ளே இறங்கிவிடும், கூடு மட்டும் வெளியே வரும். பெரிதாக இருக்கிறதே என்று அதை உடைத்தோ பொடித்தோ போட்டுவிடாதீர்கள், நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கும். வயிற்றுக் கலக்கம் பலருக்குச் சில வாரத்தில் அடங்கும், சாப்பாட்டின் நடுவிலோ முடித்த கையோடோ போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் டாக்டர் அளவைக் குறைத்துப் பிறகு மெல்ல ஏற்றுவார், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மாமியார் பத்து வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார். அது கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லச் சொல்ல, பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். பாதம் எரிகிறது என்கிறார்.
வாசகி, களியக்காவிளை

பதில்: மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, கட்டுக்கடங்காத சுகர்தான் கெடுக்கும். இந்த மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக, அதனால் அது ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் என்ற அளவு 45-க்குக் கீழே போனால் டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார். இந்தப் பயம் எப்படிப் பிறந்தது என்பது எனக்கு விளங்குகிறது, கிட்னி கெட்டவர்களுக்கு நிறுத்துவதைப் பார்த்து, மாத்திரைதான் கெடுத்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்து, தினமும் போடச் சொல்லுங்கள். வாந்தி பேதியாகி எதுவும் தங்காத நாளில் மட்டும் டாக்டருக்குப் போன் செய்து நிறுத்தி வைக்கலாமா என்று கேளுங்கள்.

பாத எரிச்சலுக்கு வருகிறேன். அது சுகராலும் வரும், ஆனால் பல வருடம் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும். அந்த ஒரு டெஸ்டையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். சோதனைக்குப் போகும்போது எரிச்சல் எந்த மாதம் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.