பாபநாசம் குரங்குக்கு எய்ட்ஸ் வராதா?

கேள்வி: பாபநாசம் படித்துறையில் குரங்குகள் கண்டதையும் பிடுங்கித் தின்கின்றன, ஒன்றுகூட சீக்காய்க் கிடந்து பார்த்ததில்லை. எய்ட்ஸும் வராதாமே, அப்படி என்ன எதிர்ப்புச் சக்தி அதுக்கு?
- வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: சீக்கே வராது என்பது தப்பு. 1957-ல் கர்நாடகத்தில் குரங்குக் காய்ச்சல் கிளம்பியபோது காட்டில் செத்து விழுந்தவற்றில் நீங்கள் பார்க்கிற இதே நாட்டுக் குரங்கும் உண்டு.

எய்ட்ஸ் கதை வேறு. நாட்டுக் குரங்குக்கு வடக்கே ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது, ரீசஸ். நமக்கு எய்ட்ஸ் தரும் முக்கிய வைரஸான எச்ஐவி-1 அதன் உடம்பில் தங்காது. 2004-ல் அதற்கு ஒரு முக்கியக் காரணம் பிடிபட்டது: ட்ரிம்5 என்ற மரபணு. அது தரும் புரதம், செல்லுக்குள் நுழைந்த வைரஸின் உள்ளோட்டைப் பிடித்து, அது தன்னை நகலெடுக்கும் முன்பே குலைத்துவிடுகிறது. இந்த மரபணு நமக்கும் இருக்கிறது, ஆனால் எச்ஐவி-1 முன்னால் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஆய்வகத்தில் மனிதப் புரதத்தின் 332-ஆவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், உடனே தடுக்க ஆரம்பித்தது! ஒரே ஒரு எழுத்து அளவு வித்தியாசம், அதற்கு எத்தனை உயிர்கள் போயின என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம்முடையது ஏன் இப்படி? சிம்பன்சி, கொரில்லா மரபணுத் தொகுதியில் பல லட்சம் ஆண்டுக்கு முந்தைய ஒரு வைரஸின் மிச்சம் கிடக்கிறது, நம்மிடம் இல்லை. மனித ட்ரிம்5 அந்தப் பழைய வைரஸை அடக்குவதற்கென்று திருந்தியதில்தான் எச்ஐவியை விட்டுவிட்டது என்று 2007-ல் ஒரு குழு சொன்னது. மறுத்த ஆய்வும் உண்டு, எனக்கும் அது முடிந்த வழக்காகத் தெரியவில்லை. ஆனால் குரங்கினங்களிடையே இந்த மரபணு, வைரஸின் ஓட்டைத் தொடுகிற அந்த இடத்தில்தான் மிக வேகமாக மாறியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

ரீசஸும் பொதுவாக எய்ட்ஸுக்குத் தப்பியது இல்லை. ஆப்பிரிக்க மங்காபே குரங்கின் எஸ்ஐவி (எச்ஐவியின் குரங்கு உறவான வைரஸ்) ரீசஸுக்குத் தொற்றினால் எய்ட்ஸ் மாதிரியே வந்து சாகும், மங்காபேக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அப்புறம், படித்துறையில் எச்சில் சோற்றை நீட்டாதீர்கள். நம் தட்டம்மையும் காசநோயும் அவற்றுக்குத் தாராளமாக ஒட்டும்.

கேள்வி: சிறுநீரகம் மாற்ற எச்எல்ஏ பார்க்கிறார்களே, அதுவும் குரங்கிலிருந்து வந்ததா?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: எச்எல்ஏ என்பது நம் செல்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள், உறுப்பு மாற்றும்போது பொருத்தம் பார்ப்பது அதைத்தான். அது குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது. உங்கள் எச்எல்ஏ வகையில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருடையதைவிட ஒரு சிம்பன்சியுடையதற்கு நெருக்கமாக இருக்கலாம். உடன்பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, அதனால் முதலில் அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.