இறப்புப் படிவத்தின் கடைசி வரி: கொரோனாக் கால மரணங்கள் குறித்த கேள்வி பதில்

இறப்புக் காரணச் சான்றுகளைப் பல ஆண்டுகள் எழுதியும் சரிபார்த்தும் வந்த மருத்துவர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: டாக்டர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்த என் மாமனார் 2021 மே மாதம் கொரோனா வந்து இறந்தார். எதைக் காரணமாகக் கொள்வது? (ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: மருத்துவர் நிரப்பும் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு, அம்மா. முதல் பகுதியில், உயிரைப் பறித்த நேரடிக் காரணத்தை மேல்வரியிலும், அதை உண்டாக்கியதை அதன் கீழும், அதற்கும் மூலமானதைக் கடைசியிலும் எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். வழக்கமான போக்கில் அது ‘சுவாசச் செயலிழப்பு, 2 நாள், நிமோனியா, 8 நாள், கோவிட்-19, 14 நாள்’ என்று இறங்கும். சர்க்கரை நோய், துணைநின்ற நோயாக இரண்டாம் பகுதிக்குப் போகும். முறையாக நிரப்பிய படிவத்தில் அடிப்படைக் காரணமாகக் கணக்கில் ஏறுவது முதல் பகுதியின் கடைசி வரிதான்.

கேள்வி: என் அண்ணனுக்கு ‘இதயம் நின்றதால் மரணம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது சரியா? (வாசகர், சேலம்)

பதில்: சரியல்ல. இறக்கும் எவருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதே கேள்வி. நோயாளியைக் கடைசி அரை மணி நேரம் மட்டுமே பார்த்த இரவுப்பணி மருத்துவர் அவசரத்தில் இப்படி எழுதிவிடுவதுண்டு. அத்தகைய படிவங்களை நான் எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: பரிசோதனை முடிவு வருமுன் இறந்தவர்கள்? (மாணவர், மதுரை)

பதில்: உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே இரண்டு குறியீடுகளை வைத்தது: கிருமி உறுதியானால் யு07.1, அறிகுறிகளைக் கொண்டு மருத்துவர் முடிவுசெய்தால் யு07.2. ஆயினும் சான்றுகளின் கணக்கும் அன்றாட அறிக்கையின் கணக்கும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2020 ஜூலையில், விடுபட்டிருந்த 444 சென்னை மரணங்கள், பதிவேடுகளை ஒப்பிட்ட பிறகே எண்ணிக்கையில் சேர்ந்தன.

கேள்வி: இறப்புச் சான்றிதழில் கொரோனா என்ற சொல்லே இல்லையே, நிவாரணம் எப்படிக் கிடைத்தது? (வாசகர், கோவை)

பதில்: பதிவாளர் தரும் சான்றிதழில் காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, காரணம் இருப்பது மருத்துவரின் படிவத்தில். உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து 2021 செப்டம்பரில் வந்த வழிகாட்டுதல், தொற்று உறுதியான 30 நாளுக்குள் வீட்டிலேயே இறந்திருந்தாலும் அதைக் கொரோனா மரணமாகக் கொள்ளச் சொன்னது. படிவம் கிடைக்காதவர்களும் அதில் எழுதிய காரணத்தை ஏற்காதவர்களும் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம் என்றும் வகைசெய்தது. 50,000 ரூபாய் அவ்வழியே கிடைத்தது.

கேள்வி: இந்தியாவில் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதே? (வாசகி, திருச்சி)

பதில்: அது 2020, 2021ஆம் ஆண்டுகளில் வழக்கத்தைவிட மிகுதியாக நேர்ந்த மரணங்களின் மதிப்பீடு, சான்றுகளை எண்ணிக் கண்டதல்ல. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. மதிப்பீட்டு முறையில் குறை காணலாம். ஆனால், 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 விழுக்காடு மட்டுமே என்பது அரசின் சொந்தக் கணக்கு. மற்றவற்றுக்கு நான் மேலே சொன்ன அந்தப் படிவமே கிடையாது.