மாநில செனட்டரின் "அரசு நிர்வாகச் சீர்திருத்தம்": டெக்சாஸில் எது நடக்கும், எது நடக்காது?

கேள்வி: டெக்சாஸ் மாநில செனட்டர் ஒருவர் அரசு நிர்வாகத்தைச் சீர்திருத்தப் போவதாகப் பத்துப் பன்னிரண்டு மசோதாக்களை அறிவித்திருக்கிறார். இதில் உருப்படியாக எதாவது நடக்குமா?

பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மசோதாவும் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் ஒன்று. இவர் வாஷிங்டன் செனட்டர் இல்லை. மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் உட்காரும் 31 மாநில செனட்டர்களில் ஒருவர். நம் செய்திச் சேனல்கள் இரண்டு வகைச் செனட்டர்களையும் "அமெரிக்க செனட்டர்" என்றே போட்டுவிடுகின்றன. அதை வைத்து இங்கே கமெண்டில் அடிதடி வேறு.

பட்டியலில் "பதவிக்கால வரம்பு" மாதிரி அரசியலமைப்பைத் தொடுகிற விஷயம் இருந்தால் அது சாதாரண மசோதாவாகப் போகாது, கூட்டுத் தீர்மானமாகத்தான் போக வேண்டும். செனட்டில் 21 ஓட்டு, கீழவையில் 150-க்கு 100 ஓட்டு, அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு. கவர்னர் கையெழுத்தே தேவையில்லை. 21 கிடைக்காது என்று தெரிந்தே தாக்கல் செய்வது சுலபம்: பெயர் கிடைக்கும், யாருக்கும் வலிக்காது.

சாதாரண மசோதா என்றால் எதிரி காலண்டர்தான். சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாள் கூடும். கவர்னர் அவசரம் என்று அறிவித்ததைத் தவிர மற்றவை பொதுவாக முதல் 60 நாளில் அவையில் ஓட்டுக்கு வராது. எந்தக் கமிட்டிக்கு அனுப்புவது என்பது செனட்டுக்குத் தலைமை தாங்கும் லெப்டினன்ட் கவர்னர் கையில். விசாரணைக்கு எடுப்பதா வேண்டாமா என்பது கமிட்டித் தலைவர் கையில். எடுக்காவிட்டால் ஓட்டே இல்லாமல் செத்துவிடும், தோற்றது என்றுகூட எங்கும் பதிவாகாது.

கமிட்டி தாண்டினாலும் செனட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அவை எடுக்க வேண்டிய மசோதாக்களின் வரிசைப் பட்டியலில் முதலில் ஒரு "தடுப்பு மசோதா" உட்கார்ந்திருக்கும். பூங்காவை அழகுபடுத்துவது மாதிரி ஓர் அப்பாவி மசோதா. அதை யாரும் எடுக்கவே மாட்டார்கள். அதனால் அதற்குப் பின்னால் நிற்கிற எந்த மசோதாவையும் வரிசையை மீறித்தான் எடுக்க வேண்டும், அதற்குத் தனியாக ஓட்டு வேண்டும். முன்பு 21 தேவைப்பட்டது. 2015-ல் 19 ஆக்கினார்கள், 2021-ல் 18. அந்த 2021-ல் குடியரசுக் கட்சியின் பலம் சரியாக 18. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இத்தனையும் தாண்டி உண்மையிலேயே துறைகளை அசைத்த சட்டம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுவந்தவரும் ஒரு மாநில செனட்டர்தான்: ஆஸ்டினைச் சேர்ந்த லாயிட் டாகெட். 1977-ல் வந்த சன்செட் சட்டம். முந்தைய ஆண்டே கொலராடோ வழி காட்டியிருந்தது. (டாகெட் 1979-ல் கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான ஆள் எண்ணிக்கை, கிடைக்கவிடாமல் தலைமறைவான 12 செனட்டர்களில் ஒருவர், பின்னால் அமெரிக்கக் காங்கிரஸுக்கும் போனார்.)

அந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் ஒரே வரியில் இருக்கிறது. ஒரு வாரியத்தின் சட்டத்தைத் திறந்தால் ஆரம்பத்திலேயே கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "இந்த வாரியம் டெக்சாஸ் சன்செட் சட்டத்துக்கு உட்பட்டது; அதன்படி நீட்டிக்கப்படாவிட்டால் இன்ன ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஒழிக்கப்படும்." அதாவது யாரும் எதுவும் செய்யாவிட்டால் துறை சாகும். வழக்கமாக யாரும் எதுவும் செய்யாவிட்டால் செத்துப்போவது சீர்திருத்த மசோதாதான். டாகெட் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

நடைமுறை இது. பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துறையின் முறை வரும். கெடுவுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே, ஒற்றைப்படை ஆண்டு செப்டம்பருக்குள், துறை தன்னைப் பற்றித் தானே ஒரு சுயமதிப்பீட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். சன்செட் கமிஷன் ஊழியர்கள் மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டுவார்கள். அறிக்கை, பொது விசாரணை, பிறகு கமிஷனின் ஓட்டு. கமிஷனில் ஐந்து செனட்டர்கள், ஐந்து கீழவை உறுப்பினர்கள், வெளியாட்கள் இருவர், மொத்தம் 12. அதற்கப்புறம்தான் மசோதா.

இதெல்லாம் சுபம் என்று நான் சொல்வதாக நினைத்துச் சண்டைக்கு வராதீர்கள். கெடு வைத்தால் கெடுவையே பிணைக்கைதி ஆக்கலாம். 2017-ல் அதுதான் நடந்தது. மருத்துவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற வாரியம் உட்பட ஐந்து அமைப்புகளை நீட்டிக்கும் மசோதா நிறைவேறாமல் கூட்டத்தொடர் முடிந்தது. திருநர்கள் எந்தக் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் "கழிவறை மசோதா"வைக் கீழவை எடுக்க வேண்டும் என்று லெப்டினன்ட் கவர்னர் பிடிவாதம். கவர்னர் ஜூலை 18-ல் சிறப்புக் கூட்டம் கூட்டினார். வாரியங்கள் பிழைத்தன, கழிவறை மசோதா கடைசிவரை தேறவில்லை.

2019 இன்னும் விநோதம். பிளம்பர்களுக்குத் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுக்கிற மாநில வாரியத்தின் முறை வந்தது. வேலையைப் பொது லைசென்ஸ் துறைக்கு மாற்றிவிடலாம் என்பது பரிந்துரை. பிளம்பர்கள் கொதித்தார்கள். மே கடைசியில் கீழவை அந்த மசோதாவைத் தள்ளிவிட்டது. வாரியத்தைக் காப்பாற்றத்தான் தள்ளினார்கள், ஆனால் நீட்டிப்பும் அதே மசோதாவுக்குள்தான் இருந்தது! விளைவு, வாரியம் மட்டுமில்லை, லைசென்ஸ் சட்டமே காலாவதி ஆகிற நிலை. கணக்கை முடிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் குழாயைத் தொடலாம். ஜூனில் கவர்னர், 2017-ல் வந்த ஹார்வி புயலுக்கான பேரிடர் அதிகாரத்தைக் காட்டி, 2021 மே வரை ஆயுளை நீட்டினார். பிளம்பர் வாரியத்தைக் காப்பாற்றப் புயல்! சட்டப்படி இது சரியா என்று கேட்டவர்கள் அப்போதே உண்டு.

பலம் உள்ள அமைப்பை இந்தக் கத்தியும் ஆழமாக வெட்டாது. டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன் பார்ப்பது எண்ணெயும் எரிவாயுவும். ரயில் சம்பந்தம் 2005-லேயே போய்விட்டது. 2011-ல் அதன் சன்செட் மசோதா விழுந்தது, 2013-லும் விழுந்தது (ஆயுளை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டார்கள்), 2017-ல்தான் தேறியது. பெயரையாவது மாற்றுங்கள் என்ற பரிந்துரை நிறைவேறவே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த உறுப்பினர்களின் சம்பளம் மாதம் 600 டாலர். அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது, 1975-லிருந்து மாறவில்லை. கூட்ட நாட்களுக்குப் படி உண்டு, இருந்தாலும் 140 நாள் வேலையை விட்டுவிட்டு வரச் சாதாரணச் சம்பளக்காரரால் முடியுமா? வக்கீல்களும் தொழிலதிபர்களும்தான் வருவார்கள். துறைகளின் திறமையை அளக்கிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

உங்கள் செனட்டர் விஷயத்துக்கு வருகிறேன். மசோதாவுக்கு எண் விழுந்திருக்கிறதா? கீழவையில் அதை எடுத்துப்போக ஆள் இருக்கிறாரா? அங்கும் அதே மசோதா தாக்கலாகியிருக்கிறதா? இவ்வளவு செலவாகும் என்கிற நிதிக் குறிப்பு வந்துவிட்டதா? குறிப்பாக, அவர் குறி வைத்திருக்கும் துறைக்கு வருகிற செப்டம்பர் 1 கெடு இருக்கிறதா? இருந்தால் அவருடைய யோசனை சன்செட் மசோதாவில் திருத்தமாகவாவது ஏற வழியுண்டு. இல்லையென்றால் அந்தத் தடுப்பு மசோதாவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.