நகமும் ரொட்டித்துணுக்கும்: டர்னரின் நீர்வண்ணங்கள்

ஆங்கில ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் (1775–1851) நீர்வண்ண ஓவியங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: டர்னர் தாளின் மேல் வண்ணத்தைக் கொட்டி, கட்டைவிரல் நகத்தால் பிறாண்டி, ஒரே காலைப்பொழுதில் ஒரு போர்க்கப்பலை வரைந்து முடித்தார் என்று படித்தேன். இது உண்மையில் நடந்ததா, மேதைகளைச் சுற்றிக் கட்டப்படும் கதைகளில் ஒன்றா?

நடந்தது என்றே நான் கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் வழக்கமாக அழுத்திச் சொல்லப்படும் பகுதி வேறு, ஓவியத்தில் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. 1818-இல் யார்க்‌ஷயரிலுள்ள ஃபார்ன்லி மாளிகையில் டர்னர் விருந்தினராகத் தங்கியிருந்தார். அவருடைய நீர்வண்ணங்களை ஏராளமாக வாங்கிச் சேர்த்திருந்த வீட்டுக்காரர் வால்ட்டர் ஃபாக்ஸ், ஒரு போர்க்கப்பல் எத்தனை பெரியது என்பதை உணர்த்தும்படி, வழக்கமான அளவுள்ள தாளில் ஒரு படம் வரைந்து தரவேண்டும் என்று காலை உணவின்போது கேட்டார். டர்னர் ஃபாக்ஸின் மகனை அருகில் இருத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார். தாள் ஊறும்வரை ஈர வண்ணத்தை ஊற்றியதையும், வெறிபிடித்தவர்போல் கிழித்ததையும் சுரண்டியதையும், எல்லாம் ஒரே குழப்பமாகக் கிடந்த பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பல் எழுந்து வந்ததையும் அந்தச் சிறுவன் பார்த்திருந்தான். அவன் சொன்னதைக் குடும்பத்தார் பின்னாளில் எழுதிவைத்தார்கள். மதிய உணவுக்குள் படம் முடிந்துவிட்டது. சரக்கேற்றும் ‘முதல்தர’ (அதாவது மிகப்பெரிய வகைப்) போர்க்கப்பலைக் காட்டும் அந்தப் படம் இன்று இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட சாட்சியம் என்பதால் அதில் சற்று மிகை இருக்கக்கூடும். ஆனால் நகத்தின் கதைக்கு அந்தத் தாளே சாட்சி. முன்னால் புரளும் அலைகளின் நுரை வெள்ளை வண்ணத்தால் தீட்டப்பட்டதன்று. நிறம் ஏறிய மேற்பரப்பைக் கீறி அகற்றி, அடியிலுள்ள தாளின் வெண்மையை வெளியே கொண்டுவந்திருக்கிறார். அதே சமயம், கப்பலின் பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் பீரங்கித் துளைகளையும் பாய்மரக் கயிறுகளையும் பார்ப்பவர்கள், வெறியில் இருந்த ஒருவர் இவற்றை வரைந்திருக்க முடியாது என்பதை உடனே உணர்வார்கள். ஃபாக்ஸ் கேட்ட பருமனை அவர் எப்படிக் கொடுத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. பார்வையை நீர்மட்டத்துக்கு அருகில் தாழ்த்தி, சரக்குப் படகுகளைக் கப்பலின் அடியில் சிறிதாக நிறுத்தி, பாய்மரங்களைத் தாளின் மேல்விளிம்பு வெட்டிவிடும்படி விட்டிருக்கிறார். சுமார் 29 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட தாளுக்குள் அடங்க மறுக்கிற கப்பல் அது. இந்த ஏற்பாடு பிறாண்டலில் தற்செயலாக வந்து வாய்ப்பதில்லை. அந்தக் காலையின் வேகத்துக்குப் பின்னால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கைப்பழக்கம் இருந்தது.

கேள்வி: நீர்வண்ணத்தில் ஒருமுறை வைத்த நிறத்தை மாற்ற முடியாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படியானால் டர்னர் ஒளியை எப்படித் திரும்ப வரவழைத்தார்?

நல்ல தாள் கையில் இருந்தால் அந்த விதி பாதிதான் உண்மை. டர்னர் பெரும்பாலும் பயன்படுத்தியவை இங்கிலாந்தின் வாட்மன் ஆலையிலும் அது போன்ற பிற ஆலைகளிலும் செய்யப்பட்ட, கந்தல் துணியிலிருந்து உருவான கனத்த தாள்கள். அவற்றின் மேற்பரப்பில் ஜெலட்டின் பசை ஏற்றப்பட்டிருக்கும். பசை ஏற்றிய தாளில் வண்ணம் நாருக்குள் ஆழமாக இறங்காமல் மேலேயே தங்குவதால், அதை மறுபடி நனைத்து ஒற்றி எடுக்கலாம், உலர்ந்தபின் சுரண்டலாம், தாளும் பொத்துப்போகாது. இன்று மலிவான வரைதாளில் இதைச் செய்து பார்ப்பவர்களுக்குத் தாள் பஞ்சாகப் பிய்ந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுடைய கை அன்று, தாள்தான்.

ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன் தம் நாட்குறிப்பில் 1804-ஆம் ஆண்டு எழுதிவைத்த ஒரு குறிப்பு டர்னரின் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. முதலில் தேவையான இடத்தில் அடர்ந்த நிறத்தைப் பரப்பிவிடுவார். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களில் தண்ணீர் தோய்ந்த தூரிகையை ஓட்டுவார். நனைந்து நெகிழ்ந்த நிறத்தை மையொற்றும் தாளால் ஒற்றி எடுப்பார். மிச்சம் இருப்பதை ரொட்டித்துணுக்கால் துடைத்துச் சுத்தம் செய்வார். வண்ணத்தை வைப்பதற்கு எத்தனை கவனம் எடுத்தாரோ, அதை எடுப்பதற்கும் அத்தனை கவனம் எடுத்தார் என்பது என் கருத்து. சொல்லப்போனால், அவருடைய நீர்வண்ணங்களில் நாம் வியக்கும் ஒளியில் பெரும்பகுதி எடுத்ததனால் வந்ததே.

ஓவியத்தை நேரில் பார்க்க வாய்ப்பவர்கள் அதில் மூன்று விதமான வெண்மையைப் பிரித்தறியலாம். தொடக்கத்திலிருந்தே வண்ணம் படாமல் விட்டுவைத்த வெண்மைக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். பக்கத்திலுள்ள நிறம் உலரும்போது ஓரத்தில் ஒதுங்கிய மெல்லிய கருங்கோடும் சில சமயம் தெரியும். நனைத்து ஒற்றி எடுத்த வெண்மை முழு வெண்மையாக இராது. பழைய நிறத்தின் சாயல் கொஞ்சம் தங்கி, விளிம்பு புகைபோல் கலைந்திருக்கும். மேகத்தின் ஓரத்துக்கும் மூடுபனிக்கும் டர்னர் நாடியது இதையே. கத்தியாலோ நகத்தாலோ சுரண்டிய வெண்மை கூசும்படி பளிச்சிடும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் அந்த இடத்தில் தாளின் நார் எழும்பி நிற்பது தெரியும். அலை நுரை, நீரில் விழும் சூரிய ஒளியின் சிதறல், விண்மீன் ஆகியவற்றுக்கு அவர் இதைக் கடைசிக் கட்டத்தில் மட்டுமே வைத்துக்கொண்டார். சுரண்டிய இடத்தில் பசை போய்விடுவதால் அதன்மேல் மறுபடி வண்ணம் வைத்தால் மையூறிக் கறுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதிருந்திருக்காது.

இன்னொரு குறிப்பு, அவர் வேலை செய்ததை நேரில் கண்ட ஓவியர் ஒருவர் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. பின்புறம் கைப்பிடி திருகிய நான்கு வரைபலகைகள் அவரிடம் இருந்தனவாம். படத்தைக் கோட்டில் குறித்துக்கொண்டு, பலகையைக் கைப்பிடியால் பிடித்து அருகிலிருந்த வாளித் தண்ணீரில் முக்கியெடுத்து, ஈரத்திலேயே நிறத்தோடு நிறம் கலந்தோட விடுவார். அது உலர்வதற்குள் அடுத்த பலகை. நான்காவதை முடிக்கும்போது முதலாவது நுண்வேலைக்குத் தயாராக இருக்கும். உலர்வதற்காகக் காத்திருக்கும் நேரம்தான் நீர்வண்ணக்காரரின் பெருந்தொல்லை. அதையும் அவர் வேலை நேரமாக்கிக்கொண்டார்.

கேள்வி: வெள்ளை வண்ணம் சேர்த்தால் அது தூய நீர்வண்ணம் ஆகாது என்கிறார்களே?

டர்னர் அப்படி எண்ணவில்லை. 1827-இல் பெட்வொர்த் மாளிகையில் தங்கியிருந்தபோது வரைந்த நூற்றுக்கும் மேற்பட்ட சிறு படங்கள் நீலத்தாளில், வெள்ளை கலந்த கனத்த வண்ணத்தில் அமைந்தவை. நீலத்தாளில் தாளே ஒளியாக முடியாது என்பதால் அங்கே வெள்ளையைத் தீட்டத்தான் வேண்டும். தாளுக்கு ஏற்ற முறை என்பதற்கு மேல் இதில் விவாதம் செய்ய எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: அவர் காட்சிகளை வெளியில் நின்று, கண்ணெதிரே பார்த்து வண்ணத்தில் வரைந்தாரா?

பெரும்பாலும் இல்லை. 1819-இல் அவர் இத்தாலியில் இருந்தபோது, நேப்பிள்ஸில் அவரைச் சந்தித்த இளைஞர் ஒருவர் தம் தந்தையான கட்டடக்கலைஞர் ஜான் சோனுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது. வெளியில் வண்ணம் தீட்டினால் நேரம் வீணாகும், ஒரு வண்ணப்படம் வரையும் நேரத்தில் பதினைந்து பதினாறு பென்சில் படங்களை வரைந்துவிடலாம் என்று டர்னர் சொன்னாராம். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ முந்நூறு குறிப்பேடுகளைப் பார்த்தால் இது வெறும் பேச்சன்று என்பது தெரியும். வெளியே பென்சில் கோடு, விடுதி அறையிலும் வீட்டிலும் நினைவிலிருந்து வண்ணம் என்பதே அவருடைய பொது வழக்கம். ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. அட்டை ஒன்றின் உட்புறத்தில் வண்ணக்கட்டிகளை ஒட்டிக்கொண்டு பையில் கொண்டுபோகும்படி அவரே செய்துகொண்ட ஒரு பயணப்பெட்டியும் எஞ்சியுள்ளது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தீப்பற்றி எரியும் கட்டடத்தைக் காட்டும் ஒரு குறிப்பேட்டின் நீர்வண்ணங்கள், 1834 அக்டோபர் 16 இரவு இங்கிலாந்து நாடாளுமன்றம் எரிந்ததைப் பார்த்து அவர் அங்கேயே தீட்டியவை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஒரு பக்கத்தின் ஈர வண்ணம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். பிற்கால ஆய்வில், அவை 1841-இல் லண்டன் கோபுரக் கோட்டையின் களஞ்சியத்தில் ஏற்பட்ட தீயைக் காட்டுபவை என்று அறிஞர்கள் முடிவுசெய்து, அவற்றை வைத்திருக்கும் லண்டனின் டேட் கலைக்கூடமும் படங்களின் பெயர்களை மாற்றிவிட்டது. வண்ணம் ஒட்டிய கறை அவர் விரைவாக வேலை செய்தார் என்பதைச் சொல்லும். எங்கே நின்றார், எந்தத் தீயைப் பார்த்தார் என்பதைச் சொல்லாது.

கேள்வி: ரிகி மலையை ஏன் மூன்று முறை வரைந்தார்?

ரிகி, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் ஏரிக்கரையில் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு எழும் மலை. லூசர்னில் தங்கியபோது அதை வெவ்வேறு வேளைகளில் பார்த்துக் குறித்துக்கொண்டவர், 1842-இல் நீலம், சிவப்பு, கருமை என்று இன்று பெயர் வழங்கும் மூன்று பெரிய நீர்வண்ணங்களாக அவற்றை முடித்தார். கலை நோக்கத்தோடு வணிக நோக்கமும் இதில் இருந்தது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பிற்காலத்தில் எழுதிவைத்தபடி, டர்னர் பதினைந்து மாதிரிப் படங்களையும், முடிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக நான்கு முழு ஓவியங்களையும் தம் முகவர் தாமஸ் கிரிஃபித்திடம் கொடுத்து, பத்து ஓவியங்களுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார். வழக்கமான பாணியில் இல்லையே என்று வாங்குவோர் தயங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 80 கினி (அக்கால ஆங்கிலப் பண அலகு) கிடைக்கும் என்றார் கிரிஃபித். இன்னும் அதிகம் பெறாதா என்று டர்னருக்கு மனக்குறை. கடைசியில் ஒன்பதுதான் போயின. பத்தாவது, முகவருக்குத் தரகாகப் போயிற்று.

நீல ரிகியில் கவனிக்க வேண்டியது அதன் இரட்டை வேலை. தொலைவிலிருந்து பார்த்தால், விடியலுக்கு முந்தைய நீலம் ஒரே மூச்சில் பரப்பியதுபோல் இருக்கும். கிட்டே போனால், அந்த மெல்லிய பூச்சுகளின்மேல் நுனித்தூரிகையால் இழைத்த எண்ணற்ற சிறு கீற்றுகள் தெரியும். மலைக்கு உடம்பு கொடுப்பவை அவைதாம். வானத்திலுள்ள விடிவெள்ளி, தாளைச் சுரண்டி எடுத்த ஒரு வெண்புள்ளி. கீழே ஏரியில் வாத்துகளை நோக்கி நாய்கள் பாய்கின்றன. அந்தச் சலசலப்பு இல்லாவிட்டால் மலையின் அமைதி இத்தனை அழுத்தமாகப் பதியாது. இந்த ஓவியம் 2006-இல் ஏலத்தில் 58 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. நாட்டைவிட்டு வெளியேறாதபடி தடுத்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2007-இல் டேட் கலைக்கூடம் அதை 49.5 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

கேள்வி: நாம் இன்று பார்க்கும் நிறங்கள் அவர் தீட்டிய நிறங்கள்தானா?

எல்லாம் அல்ல. அவர் விரும்பிக் கையாண்ட சில சிவப்புகளும் மஞ்சள்களும் பூச்சியிலிருந்தும் தாவரத்திலிருந்தும் எடுத்த சாயங்கள். வெளிச்சத்தில் வெளுக்கும் தன்மை உள்ளவை. அவுரி நீலத்துக்கும் அதே கதி. மாலை வானங்களில் சிவப்பு வெளுத்துவிட்டால், அதோடு கலந்திருந்த நீலமோ சாம்பலோ மட்டும் மிஞ்சி, படத்தின் பொழுதே மாறிவிடும். இப்படிப்பட்ட நிறங்களை ஏன் வாங்குகிறீர்கள் என்று வண்ண வணிகர் வின்சர் கேட்டபோது, செய்வது உம் வேலை, பயன்படுத்துவது என் வேலை என்று டர்னர் கடிந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. இந்த அலட்சியத்தை மேதைமையின் அடையாளமாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. நிறங்களுக்கு ஒளி என்ன செய்கிறது என்பது 1886-இல் பத்திரிகைச் சண்டையாகி, 1888-இல் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இரு அறிவியலாளர்களின் அறிக்கையாக முடிந்தது. சேகரிப்பாளர் ஹென்றி வாகன் இதை முன்பே உணர்ந்திருந்தார் போலும். 1900-இல் எடின்பரோவுக்கு 38, டப்ளினுக்கு 31 என்று டர்னரின் நீர்வண்ணங்கள் அவருடைய உயிலின்படி சென்றபோது, பகலொளி மிகக் குறைந்த ஜனவரியில் மட்டுமே அவற்றைக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் படங்கள் இன்றும் வியக்கத்தக்க அளவு புதுமையோடு இருப்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: பயிற்சிக்காக நீல ரிகியைப் பார்த்து வரையலாமா?

அதில் தொடங்க வேண்டாம். டேட் சேகரிப்பில், இரண்டு மூன்று நிறப்பட்டைகளில் வானத்தையும் நீரையும் மட்டும் குறித்துவிட்டு டர்னர் அப்படியே நிறுத்திய தொடக்கப்படங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன; இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அவற்றுள் ஒன்றை எடுத்து, பருத்தி நாரில் செய்த, பசை நன்கு ஏறிய தாளை இரு பக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டு, ஒரு நீலம், ஒரு மஞ்சள், ஒரு செம்பழுப்பு ஆகிய மூன்று நிறங்களோடு வரைந்து பாருங்கள். உலர்ந்தபின், வெளிச்சம் வேண்டிய ஓரிடத்தில் சுத்தமான தண்ணீர்த் தூரிகையை ஓட்டி, அரை நிமிடம் பொறுத்து, துணியால் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். கத்தியைக் கடைசியில் எடுங்கள், அதுவும் தாள் முற்றிலும் உலர்ந்தபிறகு.