பாசி நீரில் நகர்பவை: ஆல்கஹாலில் போடும் முன் உயிரோடு பாருங்கள்

கேள்வி: பீட் சதுப்பில் (மட்கிய தாவரங்கள் படிந்த ஈரநிலத்தில்) எடுத்த ஸ்பாக்னம் பாசியைப் பிழிந்து, அந்த நீரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அதிலுள்ள முதுகெலும்பற்ற உயிரிகளின் பட்டியலை அறிக்கைப் படிவத்தில் கொடுக்க வேண்டும். ஏதேதோ நகர்கின்றன. ஆல்கஹாலில் போட்டு அனுப்பினால் எல்லாவற்றுக்கும் இனப்பெயர் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். முதலில் நீங்களே உயிரோடு பார்த்து முடியுங்கள். 100 மடங்கு பெருக்கமே போதும், அசைவை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். உடலை இருபுறமும் வளைத்துத் துடித்தால் உருளைப்புழு. நான்கு ஜோடிக் குட்டைக் கால்களும் நகங்களுமாகத் தடுமாறி நடந்தால் நீர்க்கரடி. அட்டை போல நீண்டு சுருங்கி நடந்து, நின்ற இடத்தில் தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதாகத் தெரிந்தால் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு.

இந்த ரோட்டிஃபரை அப்படியே ஆல்கஹாலில் போட்டால் தலையையும் காலையும் உள்ளிழுத்து வெறும் உருண்டையாகிவிடும். அடையாளம் சொல்ல வேண்டிய உறுப்பெல்லாம் உள்ளே போயிற்று. அந்த உருண்டையைப் பார்த்துப் பெயர் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். டிஎன்ஏவை வைத்துப் பெயர் சொல்லலாம், ஆல்கஹாலில் அது கெடாதே என்பார்கள். கெடாதுதான். ஆனால் ஒப்பிடும் தரவுத்தளத்தில் அந்த உயிரியே இல்லையென்றால், கிட்டத்தில் இருக்கும் பெயரை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். நீர்க்கரடியும் அப்படித்தான்: நகம், வாய்க்குழல் பார்க்க வேண்டும்; பல இனங்களுக்கு முட்டையின் மேற்பரப்பும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் பலரும் ஏமாறுகிறார்கள். பழுப்பு நிறத்தில், குறுகிய கழுத்துள்ள குடுவை போன்ற கூடு தென்படும். உடனே ஓட்டு அமீபா (ஓட்டுக்குள் வாழும் அமீபா) என்று எழுதிவிடாதீர்கள். ஹேப்ரோட்ரோக்கா ஆங்குஸ்டிகோலிஸ் என்ற ரோட்டிஃபர் தனக்கெனக் கட்டிக்கொள்ளும் கூடாக இருக்கலாம். ஸ்லைடு காயாமல் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, சில நிமிடம் ஆட்டாமல் காத்திருங்கள். கழுத்து வழியே சக்கரம் எட்டிப் பார்த்தால் அது ரோட்டிஃபர், அதாவது விலங்கு. நிறமற்ற விரல்கள் மெல்ல நீண்டு வந்தால் அமீபா. அது ஒற்றைச் செல் உயிரி, உங்கள் முதுகெலும்பற்றவை பட்டியலில் சேராது. உள்ளே பச்சை ஆல்கா செல்கள் நிறைந்த, தட்டையான, கண்ணாடி போன்ற ஓடு என்றால் ஹயலோஸ்பீனியா பாப்பிலியோவாக இருக்கலாம், அதுவும் அமீபாதான். காலிக் கூடு மட்டும் கிடைத்தால் கழுத்தின் வடிவத்தைப் படமெடுத்து வையுங்கள்.

இந்த வியாபாரம் நடப்பதற்கே காரணம் அறிக்கைப் படிவங்கள்தான். இனப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். வகைப்பாடு தெரிந்தவர்களை வேலைக்கு வைக்க மனமில்லை, பெயர் மட்டும் நிரம்பியிருக்க வேண்டுமாம்! இது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். உயிரோடு சிறு வீடியோ எடுங்கள். பாசி மேட்டிலிருந்து வந்ததா, நீர் தேங்கிய பள்ளத்திலிருந்து வந்ததா என்று தேதியோடு குறியுங்கள். அப்புறம் ஒரு பங்கை மட்டும் ஆல்கஹாலில் போடுங்கள். இனம் தெரியாதவற்றுக்குப் படிவத்தில், உதாரணமாக, “ஹேப்ரோட்ரோக்கா, இனம் உறுதியாகவில்லை” என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் அதையே மறுபடியும் எழுதிக் கொடுங்கள்.