பெயரட்டை இல்லாத நட்சத்திரக் கள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொட்டைமாடியில் ஆறு அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ் கள்ளிகள் வளர்க்கிறேன். தேனீ வந்து காய் பிடித்து, விதை போட்டதில் எழுபது நாற்று தேறியது. அழியும் நிலையிலுள்ள இனம் என்கிறார்களே, தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்தால் பாதுகாப்புக்கு உதவுமா?

குமரன், ஓசூர்

அன்புள்ள குமரன்,

காட்சிக்கு வைக்க உதவும், பாதுகாப்புக்கு உதவாது. எழுபது தேறியது நல்ல கைப்பக்குவம்தான். ஆனால் தாய்ச்செடியின் மூதாதை டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியா, மெக்சிகோவின் டமோலிபாஸா என்று தெரியாது. தந்தை யாரென்பது தேனீக்கே வெளிச்சம். இந்தக் கள்ளி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்துத் தொட்டியில் இதன் உறவுக் கள்ளியான காப்ரிகார்னே இருந்தாலோ கூசாமல் கலந்துவிடும்.

பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் 2019-0034 என்பதுபோல ஆண்டும் வரிசை எண்ணும் உண்டு. சேகரித்த இடம், நாள், தாய் எண், தந்தை எண் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். அட்டையில் மார்க்கர் பேனா வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும். இன்னொரு அட்டையை மண்ணுக்குள் புதைத்து வையுங்கள். தொட்டி மாற்றும்போது மேலே இருப்பதுதான் முதலில் தொலையும்.

தாயும் தந்தையும் தெரிந்த விதை வேண்டுமானால் மகரந்தச் சேர்க்கையை நாமே செய்ய வேண்டும். அதற்கு, மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பை மாட்ட வேண்டும். பூ நன்றாக விரிந்த மதியத்தில் ஒரு செடியின் மஞ்சள் தூளைச் சிறு பிரஷ்ஷில் எடுத்து, அடுத்த செடியின் பூ நடுவே கதிர்போல் விரிந்திருக்கும் சூல்முடியில் தடவி, உடனே பையை மூடுங்கள். அடுத்த ஜோடிக்கு வேறு பிரஷ். ஒன்றுதான் இருந்தால் ஸ்பிரிட்டில் கழுவி நன்றாக உலர்த்துங்கள், ஈரம் மகரந்தத்தைக் கெடுத்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கப்புறம். ஒரு தாய் நூறு விதை தரும், இன்னொன்று எட்டுதான் தரும். இரண்டிலிருந்தும் எட்டெட்டாகவே அடுத்த தலைமுறைக்கு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி வாழ்க்கைக்குப் பழகிய வம்சம் மட்டுமே மிஞ்சும். கண்ணுக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுப்பதும் அதே கதைதான். வெள்ளைப் புள்ளி அடர்ந்தவற்றைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் ஜப்பானில் ‘சூப்பர் கபுடோ’ என்ற தோட்ட வகை வந்தது. அழகுதான், காட்டுச்செடி அல்ல.

வேரில் மாவுப்பூச்சி ஏறினால் ஒரு பருவத்தில் முழு வரிசையும் போய்விடும் என்பதால், ஒரே வம்சத்தை இரண்டு பூங்காக்களிலாவது பிரித்து வைப்பது நல்லது.

உங்கள் எழுபதுக்கும் வேலை உண்டு. இந்த இனத்தைக் காட்டிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கிறார்கள். கேட்பவர்களுக்கு உங்கள் நாற்றைக் கொடுங்கள். அட்டையில் ‘தோட்ட விதை, தந்தை தெரியாது’ என்று பென்சிலால் எழுதுங்கள்.