பால்மாவை மாற்ற முன்னம் சூப்பியின் ஓட்டையைப் பாருங்கள்

கேள்வி: டொக்டர், மகனுக்கு ஏழு கிழமை, நிறை 4.6 கிலோ. தாய்ப்பால் போதாமல் போனதால் மூன்றாம் கிழமையிலிருந்து பால்மாதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 120 மில்லிலீட்டர் கரைத்துக் கொடுக்கிறோம். ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துகிறான். வயிறு ஊதிக் கல்லுப்போல இருக்கிறது, கொஞ்சம் கக்கவும் செய்கிறான். பின்னேரங்களில் இன்னும் மோசம். மூன்று பால்மா மாற்றிப் பார்த்தாயிற்று. மாமி ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறா. எந்தப் பால்மா ஒத்துவரும்?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நான்காவது பேணியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த "ஐந்து நிமிடம்".

இந்த வயதுப் பிள்ளை ஒரு நேரப் பாலைக் குடிக்கப் பதினைந்து, இருபது நிமிடம் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிகிறதென்றால் பால் அவன் வாய்க்குள் ஊற்றுப்படுகிறது. மூச்சு விட நேரமில்லாமல் காற்றையும் சேர்த்து விழுங்குகிறான். போத்தலைக் கவிழ்த்துப் பிடியுங்கள். செக்கனுக்கு ஒரு சொட்டு மாதிரி விழுந்தால் சரி, நூலாக ஓடினால் ஓட்டை பெரிது. "பிள்ளை உறிஞ்சிக் களைக்கிறான்" என்று ஊசியைச் சூடாக்கி ஓட்டையைப் பெருப்பிக்கிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டிலும் அது நடந்திருந்தால் ஒருவரோடும் சண்டை பிடிக்காமல் சூப்பியை மட்டும் மாற்றுங்கள். பிறந்த பிள்ளைகளுக்கென்று மெதுவாகப் பால் வருகிற சூப்பி கடையில் இருக்கிறது.

அடுத்தது அளவு. ஒரு நாளைக்கு, ஒரு கிலோ நிறைக்கு 150 மில்லிலீட்டர் என்பது பொதுக் கணக்கு. சில பிள்ளைகள் 200 வரை குடிப்பார்கள். உங்கள் மகனுக்கு அது ஏறத்தாழ 690, கூடினால் 920. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், இரவில் ஓரிரு நேரம் தவறினாலும் 1,200 மில்லிலீட்டர் போகிறது. அந்தச் சின்ன வயிறு கல்லாகாமல் என்ன செய்யும்? வயிறு நொந்து அழுகிற பிள்ளையும் வாயில் எதை வைத்தாலும் சூப்பும், அதில் ஆறுதல் இருக்கிறது. நாங்கள் பசி என்று நினைத்து அடுத்த போத்தலைக் கரைக்கிறோம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா 90 அளவில் தொடங்கிப் பாருங்கள். அவன் உண்மையாகவே தேடினால் கொஞ்சம் கூட்டலாம். முகத்தைத் திருப்பினால் போத்தலில் மிச்சம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். பால்மா விலை எனக்கும் தெரியும், ஆனாலும் மிச்சத்தை ஊற்றத்தான் வேண்டும்.

படுக்க வைத்துப் பருக்காதீர்கள். தலை உங்கள் முழங்கை மடிப்பில், உடம்பு அரைவாசி நிமிர்ந்தபடி இருக்கட்டும். சூப்பி பாலால் நிறைகிற அளவுக்கு மட்டும் போத்தலைச் சரித்தால் போதும். பாதியில் நிறுத்தித் தோளில் போட்டு ஏவறை எடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வராவிட்டால் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. குடித்து முடிந்ததும் இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கத்தான்.

கரைக்கும்போது தண்ணீர் முதலில், மா பிறகு. பேணியில் உள்ள கரண்டியால் தலைதட்டி அளக்க வேண்டும். கூடப் போட்டால் மலம் இறுகும், உடம்பில் நீர் குறையும். பலமாகக் குலுக்கினால் நுரை நிறையும், அந்த நுரை முழுக்கக் காற்று. மெதுவாகச் சுழற்றிக் கரைத்து நுரை அடங்க விடுங்கள். பால்மா கிருமி நீக்கிய பொருள் அல்ல. ஆகவே 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத, அதாவது கொதித்து அரை மணித்தியாலத்துக்குள் உள்ள தண்ணீர் வேண்டும். காலையில் பிளாஸ்கில் ஊற்றியது இரவுப் போத்தலுக்கு உதவாது. கரைத்த பிறகு குழாய்த் தண்ணீரில் போத்தலைப் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கொழும்பு வெக்கையில் அடுத்த நேரத்துக்கென்று மேசையில் எடுத்து வைக்கிற வேலை வேண்டாம்.

ஓமத் தண்ணீர், வசம்பு, சீனித் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். ஆறு மாதம் வரை பால் மட்டுமே. மாமியிடம், டொக்டர் மறித்துவிட்டார் என்று என் தலையில் பழியைப் போடுங்கள்.

பின்னேர அழுகை இதோடு முழுக்க நிற்கும் என்று சொல்லமாட்டேன். அது ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குவது. தோளில் போட்டு நடப்பதைவிடப் பெரிய மருந்து அதற்கு இல்லை.

பச்சை நிறத்தில் சத்தி, ஒவ்வொரு முறையும் பாய்ந்து தெறிக்கிற சத்தி, மலத்தில் இரத்தம், 38 பாகை காய்ச்சல், சிறுநீர் குறைதல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல் - இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அவசரமென்றால் 1990க்கு அழையுங்கள். மலத்தில் இரத்தமோ சளியோ, தோலில் கரப்பனோ, நிறை ஏறாமலோ இருந்தால் பசுப்பால் ஒவ்வாமையையும் யோசிப்போம். பால்மாவை மாற்றுகிற கதை அப்போதுதான், அதுவும் வைத்தியர் சொல்லி.

மூன்று நாளைக்கு நேரத்தையும் குடித்த அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அதோடு போத்தலையும் சூப்பியையும் கொண்டு போய்க் குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். தாய்ப்பாலைத் திரும்பக் கூட்ட வழியுண்டா, கோப்பையால் பருக்கலாமா என்றும் கேளுங்கள். ஏழு கிழமையில் அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.